அலுவல் மடலும் பொறியாளர் தமிழும்

மடல் இருவகைப்படும். உள்ளத்தை உள்ளத்தோடு இணைப்பது ஒன்று. ஒரு வேலையை நடக்கச் செய்வது மற்றொன்று. முன்னதற்கு அழகு சிறப்பு. பின்னதற்குப் பயனே சிறப்பு. முன்னதற்குரிய அணிகலன்களைப் பின்னதற்கும் பூட்டி அனுப்பும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இப்பழக்கத்தால் விளையும் கேடு சிறிதன்று என்பதையும், அதைக் களையும் கருவி நம் இலக்கண நூலிலேயே இருக்கிறது என்பதையும் தமிழாசிரியர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலாக்கா மாநிலத்தை எடுத்துக் கொள்வோம். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களிலும் பால்மரக் காடுகள் பரந்தன. அவற்றினூடே தமிழர் லயங்களும் கோவில்களும் பள்ளிகளும் தோன்றின. தோட்டத் துண்டாடலும் செம்பனையும் வீடமைப்பும் அவ்வுலகை மாற்றிவிட்டன. பத்து பெரண்டாம், தஞ்சோங் கிளிங், ஆயர் குரோ ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் வந்தன. சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை எழுந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி, 2007இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா என உயர்ந்தது. பாட்டன் பால்மரம் வெட்டிய வட்டாரத்திலேயே பேரனும் பேத்தியும் பொறியாளராய் விளங்கும் காலம் இது.

இப்பொறியாளர் ஆலையில் எழுதுவது மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். அப்படியாயின் தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருவகையில் உண்டு. மடல் எழுதும் மனப்பழக்கம் முதன்முதலில் படிவது தாய்மொழி வகுப்பில். எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்னும் ஒழுங்கு அங்கே படிந்துவிட்டால், பின்னர் எம்மொழியில் எழுதினும் அதுவே தொடரும். அன்றியும் கோவில் திருப்பணிக் குழு, பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் ஆகியவை இன்றும் தமிழில் கூடித் தமிழில் முடிவு செய்கின்றன. கூரை பழுதா, மின்கம்பி பழையதா, மதில் சாய்கிறதா என்று அவை கேட்கும்போது, பொறியாளர் தமிழில்தான் விடை எழுதவேண்டும். அவ்விடையை நம்பித்தான் பிள்ளைகளை அக்கூரையின் கீழ் உட்கார வைக்கிறோம்.

தோட்டத்தில் இரண்டு எழுத்துகள்

பழைய தோட்ட வாழ்வில் எழுத்து இருவகையாய் வழங்கிற்று. ஒன்று கிராணியாரின் செக்ரோல். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். வந்தவர் யார், வராதவர் யார், எந்த வேலைக்கு எவர் போனார் என்பன அதில் ஏறும். அதில் அடைமொழி இல்லை, வணக்கம் இல்லை. ஆயினும் மாதக் கூலி முழுதும் அந்தக் கட்டங்களையே நம்பி நின்றது. ஒரு கோடு தவறினால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் உணவு தவறும். ஆதலால் அவ்வெழுத்தில் தொழிலாளிக்கு இருந்த அக்கறை பெரிது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தம் பெயருக்கு நேரே என்ன ஏறிற்று என்பதைக் கேட்டறிவர்.

மற்றொன்று மனு. துரைக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ எழுதுவது. எழுதத் தெரிந்த ஒருவரிடம் சென்று, சொல்லிச் சொல்லி எழுதுவிப்பது. அதன் அமைப்பைப் பலரும் அறிவர். பெறுபவரின் பெருமை முதலில் வரும்; எழுதுபவரின் எளிமை அடுத்து வரும்; குடும்பத்தின் துன்பம் அதற்கடுத்து வரும். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்னும் செய்தி, தாளின் அடியில், கையொப்பத்துக்குச் சற்று மேலே ஒடுங்கிக் கிடக்கும்.

இவ்வமைப்பை எள்ளி நகையாடுதல் முறையன்று. மனு எழுதியவர் அறிவிலர் அல்லர். வேலையும் வீடும் ஒருவர் கையில் இருக்கையில், கேட்பதைக் கடைசியில் வைத்துக் கைகூப்பி நிற்பதே அன்றைக்கு ஒரு காப்பு. மனுவின் நீளத்தை அளந்தால் அதை எழுதியவரின் அச்சத்தின் நீளம் தெரியும். நாம் குறை கூறுவது அம்மனுவை அன்று. அச்சம் நீங்கிய பின்னும் அதன் உடையை நாம் கழற்றாமல் இருப்பதையே. செக்ரோலின் திட்பம் நம் அலுவல் மடலுக்கு வந்திருக்க வேண்டும். வந்ததோ மனுவின் பணிவு.

நன்னூல் தரும் அளவுகோல்

தமிழாசிரியர் இதை அளக்க வேற்று மொழி நூல்களைத் தேடவேண்டுவதில்லை. நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பவணந்தி முனிவர் நன்னூலில் தொகுத்திருக்கிறார். நாம் அவற்றை நூற்பாவாக ஒப்பிக்கச் செய்கிறோமே அன்றி, அளவுகோலாகக் கையிலெடுப்பதில்லை. நூலுக்கு வகுத்த அவை அலுவல் மடலுக்கும் பொருந்துமாற்றைக் காண்க.

வேண்டிய விவரத்தை விட்டுவிடுவது குன்றக் கூறல். வேண்டாத புகழுரையை அடுக்குவது மிகைபடக் கூறல். ஒரே சொல்லை இரு பொருள்படும்படி விடுவது மயங்க வைத்தல். கூரையைப் பற்றித் தொடங்கிப் பள்ளியின் வரலாற்றுக்குள் போவது மற்றொன்று விரித்தல். வலிமையாய்த் தொடங்கி, ஆவன செய்யுங்கள் என்று நலிந்து முடிவது சென்று தேய்ந்திறுதல். படித்து முடித்த பின், யார் எதைச் செய்வது என்று ஒருவருக்கும் விளங்காமல் நிற்பது நின்று பயனின்மை. பொறியாளர் மடலுக்கு இந்தக் கடைசிக் குற்றமே உயிர்க்குற்றம். ஏனையவை மடலைக் கெடுக்கும். இது மனிதரைக் கெடுக்கும்.

ஒரு மடலும் அதன் மாற்றும்

விளக்கத்துக்காக ஒரு நிலைமையைக் கற்பித்துக் கொள்வோம். பழைய தோட்டப் பள்ளி ஒன்றின் பின்கட்டடத்தை, அதன் முன்னாள் மாணவராகிய பொறியாளர் பார்வையிடுகிறார். பள்ளி வாரியத் தலைவருக்கு அவர் வழக்கமான முறையில் எழுதினால் மடல் இவ்வாறு அமையும்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்களும் தங்கள் செயலவையினரும் நலமே வாழ இறைவனை வேண்டுகிறேன். பள்ளியின் வளர்ச்சிக்குத் தாங்கள் ஆற்றிவரும் அரும்பணியை இவ்வட்டாரம் நன்கறியும். மேற்கண்ட விவரம் தொடர்பாக, தாங்கள் கேட்டுக் கொண்டதற்கிணங்கக் கட்டடம் பார்வையிடப்பட்டது. கட்டடம் பழமையானதாகையால் ஆங்காங்கே சில குறைபாடுகள் காணப்படுகின்றன. குறிப்பாகப் பின்புறக் கூரைப் பகுதியில் கறையான் பாதிப்பு ஓரளவு இருப்பதாகத் தெரிகிறது. ஆகவே தக்க நடவடிக்கை விரைவில் எடுக்கப்படும் எனப் பெரிதும் எதிர்பார்க்கப்படுகிறது. நன்றி.”

இதில் எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இல்லை. வகுப்பில் எழுதியிருந்தால் நாமே நல்ல புள்ளி இட்டிருப்போம். ஆனால் இதைப் படித்த தலைவர் என்ன செய்வார்? அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார். கூட்டம் ஒரு மாதம் கழித்து நடக்கும். அதுவரை பிள்ளைகள் அக்கூரையின் கீழேயே இருப்பார்கள்.

ஒவ்வொரு சொல்லாய்ப் பார்ப்போம். ‘பார்வையிடப்பட்டது’: யார் பார்த்தார், என்று பார்த்தார், தரையில் நின்றா, ஏணியில் ஏறியா? ‘ஆங்காங்கே’: எங்கே? ‘ஓரளவு’: எந்த அளவு? ‘தெரிகிறது’: கண்ணால் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா? ‘தக்க நடவடிக்கை’: எது? ‘விரைவில்’: எப்போது? ‘எதிர்பார்க்கப்படுகிறது’: எதிர்பார்ப்பவர் யார், செய்ய வேண்டியவர் யார்? செயப்பாட்டு வினை இங்கே செய்பவரை ஒளித்து வைக்கும் திரையாகிவிட்டது. செய்பவர் இல்லாத வேலை நடவாது.

இனி மாற்று மடல்:

“பொருள்: பின்கட்டடத்தின் இரண்டு வகுப்பறைகளை நாளை முதல் பூட்டுதல்.

ஐயா, வணக்கம். பின்கட்டடத்தின் மேற்குக் கோடியிலுள்ள இரண்டு வகுப்பறைகளில் நாளை முதல் மாணவரை அமர்த்த வேண்டா. அவற்றின் மேலுள்ள எட்டுக் கூரைச் சட்டங்களில் மூன்றைக் கறையான் தின்றிருக்கிறது. நேற்றுக் காலை ஏணியில் ஏறிப் பார்த்தேன். திருப்புளியால் குத்தியபோது அம்மூன்றிலும் முனை நான்கு சென்டிமீட்டர் உள்ளே இறங்கிற்று. மற்ற ஐந்தில் இறங்கவில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகளை என்னால் பார்க்க இயலவில்லை. அவையும் கெட்டிருக்கலாம். பலத்த காற்றுமழையில் கூரை இறங்கக்கூடும் என்பது என் கருத்து.

செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று: தலைமையாசிரியர் நாளைக் காலை அவ்விரு அறைகளையும் பூட்டி, மாணவரை மண்டபத்துக்கு மாற்றவேண்டும். இரண்டு: செயலாளர் வரும் வெள்ளிக்கிழமைக்குள் தச்சரையும் கறையான் மருந்தடிப்பவரையும் அழைத்துக் காட்டி, செலவுக் கணக்கு வாங்க வேண்டும். அவர்கள் வரும்போது நானும் உடனிருக்கிறேன்.”

இரண்டாவது மடலில் மரியாதை குறைந்துவிடவில்லை. ‘ஐயா’ உண்டு, ‘வணக்கம்’ உண்டு. உடன் வந்து நிற்பேன் என்னும் உறுதியும் உண்டு. முகமனினும் அதுவே மேலான மரியாதை. படிப்பவரின் பொழுதை வீணாக்காமையும் ஒரு பண்பாடே என்க.

இதில் நாம் சிறப்பாகக் கருதத்தக்கது ஒன்று உண்டு. கண்டதும், காணாததும், கருதுவதும் தனித்தனியே நிற்கின்றன. மூன்று சட்டங்கள் கெட்டிருப்பது கண்டது. சுவருக்குள் இருப்பது காணாதது. கூரை இறங்கும் என்பது கருதுவது. இப்பாகுபாட்டுக்குத் தமிழ் மிக வாய்ப்பான மொழி. ‘விரிசல் இருக்கிறது’ என்றால் கண்டோம் என்பது பொருள். ‘விரிசல் இருக்கலாம்’ என்றால் ஊகிக்கிறோம். ‘விரிசல் இருக்கிறதாம்’ என்றால் கேள்விப்பட்டோம். வினையின் ஈற்றில் ஒரு சிறு மாற்றம் செய்தாலே சான்றின் தரம் புலப்பட்டு விடுகிறது. வீட்டிலும் தெருவிலும் நாம் பிழையின்றி ஆளும் இவ்வேறுபாட்டை, தாளில் எழுதும்போது ‘தெரிகிறது’, ‘காணப்படுகிறது’ என்னும் மூட்டமான சொற்களுக்குள் புதைத்து விடுகிறோம்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் கருத்தும் கடைசியில் வருவது இயல்பே என்று சிலர் கூறுவர். இது பொருந்தாது. வினை இறுதியில் வருவது வாக்கியத்தின் ஒழுங்கு. மடலின் ஒழுங்கு அன்று. வாக்கியத்தைக் குறுக்கி, வேண்டுகோளை முதல் வாக்கியமாக்கினால் வினை முதல் வரியிலேயே வந்துவிடும்.

சொல்லாட்சி பற்றியும் ஒன்று கூறவேண்டும். தனித்தமிழ் ஆர்வத்தால் வாரியத்தாரும் கொத்தனாரும் அறியாத கலைச்சொல்லைப் பெய்து எழுதினால், அதுவும் மயங்க வைத்தலே. ‘பீம்’ என்றால்தான் விளங்கும் இடத்தில் பீம் என்றே எழுதுக. ‘உத்தரம்’ விளங்குமாயின் உத்தரம் என்க. ஒரு மடலில் இரண்டையும் கலந்து எழுதி, இரண்டு பொருளோ என்று ஐயுற வைத்தல் மட்டும் கூடாது.

கடல் கடந்த சான்று

இக்குறை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பொறியாளரும் இதில் இடறியிருக்கின்றனர். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் 1977 செப்டம்பர் 24ஆம் நாள் ஒரு கோளாறு நேர்ந்தது. உலையைக் குளிர்விக்கும் அவசர நீரோட்டத்தை இயக்குநர்கள் உரிய காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டனர். உலை அப்போது குறைந்த ஆற்றலில் இயங்கியதால் பெருந்தீங்கு நேரவில்லை. உலையைச் செய்தளித்த பாப்காக் அண்டு வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் கெல்லி, அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் தம் அலுவலகத்தார்க்கு ஒரு குறிப்பு எழுதினார். நிலையத்தார்க்கு நாம் தரும் அறிவுரை போதாதோ என ஐயமாகத் தொடங்கி, உங்கள் எண்ணங்களை அறிய விழைகிறேன் என்னும் கருத்தோடு முடித்தார். இடர் பெரிது, குரலோ சிறிது. சென்று தேய்ந்திறுதல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

1978 பிப்ரவரியில் டன் என்னும் பொறியாளர் அதே பொருளை இன்னும் அழுத்தமாக எழுதினார். உலை முழு ஆற்றலில் இருந்திருந்தால் எரிபொருள் சேதம் நேர்ந்திருக்கக்கூடும் என்று சொல்லி, நிலையத்தார்க்குத் தரவேண்டிய விதியையும் வகுத்துக் காட்டினார். ஆகஸ்டில் ஹால்மன் என்பவர் மூன்றாவது குறிப்பு எழுதினார். அது முந்தைய குறிப்புகளைச் சுட்டித் தொடங்கிற்று. இச்சிக்கலைத் தீர்த்து வையுங்கள் என்று வேண்டி முடிந்தது. தீர்வு வருமுன் 1979 மார்ச் 28ஆம் நாள் திரீ மைல் ஐலண்டு நிலையத்தில் அதே பிழை நேர்ந்தது. இயக்குநர்கள் அவசர நீரைக் குறைத்தனர். உலையின் நடுப்பகுதி உருகிற்று.

நன்றாய் எழுதினால் எல்லாம் நலமாகிவிடும் என்று இதனால் முடிவு கட்டலாகாது. 1985 ஜூலை 31ஆம் நாள் மார்ட்டன் தயோக்கல் நிறுவனத்துப் பொறியாளர் ரோஜர் பாய்ஜாலி, விண்கல உந்துகணையின் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிக்கப்படுவது பற்றித் தம் துணைத் தலைவருக்கு எழுதினார். அரிப்பின் கடுமையை மேலாளர் முழுதும் உணரவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே உரைத்தார். உடனே தனிக்குழு அமைத்து ஆராயாவிடில் மனித உயிர்கள் போகும் என்பதையும் மறைக்கவில்லை. எனினும் 1986 ஜனவரி 28ஆம் நாள், கடுங்குளிரில் சேலஞ்சர் ஏவப்பட்டது. 73 வினாடிகளில் அது சிதைந்தது, எழுவர் மாண்டனர். பாய்ஜாலியின் மடலில் நன்னூலார் குற்றம் ஒன்றையும் காண இயலாது. குற்றம் கேளாச் செவியுடையது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து உரைப்பது இது: தெளிவாய் எழுதாதவர் கேட்பவருக்குத் தப்பும் வழியைத் தாமே திறந்து விடுகிறார், தெளிவாய் எழுதியவர் அவ்வழியை அடைத்து, பொறுப்பு யாருடையது என்பதை அழியாமல் நிறுத்துகிறார். எழுதுவோரால் ஆவது அவ்வளவே. அதுவே மிகப் பெரிது.

முன்னோர் ஆவணம்

இத்தகைய நடை தமிழுக்குப் புதிது என்பார்க்கு, நம் முன்னோர் ஆவணமே விடை. கடாரத்தோடு தொடர்புடைய ஒன்றையே எடுத்துக் கொள்ளலாம். ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் ஆண்ட மாரவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணிவர்ம விகாரத்தை எழுப்பினான். அதற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அக்கொடையைக் கூறும் செப்பேடுகள் ஹாலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

இருபத்தோர் ஏடுகளுள் ஐந்து வடமொழியில் அரச மரபைப் புகழ்கின்றன. பதினாறு தமிழில் காரியத்தைப் பேசுகின்றன. தமிழ்ப் பகுதியில் அரசன் வாய்மொழியாய் இட்ட ஆணை, அதை ஓலையில் எழுதிய அலுவலர் பெயர், ஒப்பிட்டுக் கையொப்பமிட்டோர் பெயர், நிலத்தின் அளவு, எல்லை ஆகியவை முறையே வருகின்றன. நில அளவு வேலிக்குக் கீழே மா, காணி, முந்திரிகை என நுண்ணிய பின்னம் வரை போகிறது. எல்லையோ திசை திசையாகப் பக்கத்து ஊர்களையும் வாய்க்கால்களையும் சுட்டிச் செல்கிறது. பிற்காலத்தில் ஒருவர் வந்து, இந்த நிலம் எது, யார் சொல்லி யார் எழுதினார் என்று கேட்டால், ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. புகழ்ச்சியும் உண்டு; ஆனால் அது தன் இடத்தில் நிற்கிறது, காரியத்துக்குள் கலக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசவை அலுவலர்க்குக் கைவந்த இத்திட்பம் இன்றைய பொறியாளர்க்கு ஏன் கைவராது?

ஆசிரியர் செய்யத்தக்கன

உறவுக் கடிதம், நட்புக் கடிதம், அலுவல் கடிதம் என நாம் வகுத்துக் கற்பிக்கிறோம். அலுவல் கடிதத்தில் முகவரி எங்கே, தலைப்பின் கீழ்க் கோடு எங்கே, ‘இக்கண்’ எங்கே என்று காட்டுகிறோம். இவை வேண்டுவனவே. ஆயினும் சட்டியை வனைந்து காட்டிவிட்டு, அதில் என்ன சமைப்பது என்று சொல்லாமல் விடுகிறோம். ‘மேற்கண்ட விவரம் தொடர்பாக’ என்னும் தொடரை மலாய் அலுவல் மடலின் தொடரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர்த்து வைத்ததுபோல் இருக்கும். தலைப்பை ஒரு முறை எழுதிவிட்டு, மேலே பார் என்று மறுபடியும் ஒரு வாக்கியத்தைச் செலவிடுதல் கூறியது கூறலே.

வகுப்பில் செய்யத்தக்கவை எளியவை. மாணவர் எழுதிய அலுவல் மடலை மற்றொரு மாணவரிடம் கொடுத்து, ‘நீ இப்போது என்ன செய்யவேண்டும்?’ என்று கேளுங்கள். விடை சொல்ல இயலாவிடில் மடல் தோற்றது. ‘விரைவில்’, ‘ஓரளவு’, ‘தக்க’ என்னும் சொற்களை அடிக்கோடிடச் செய்து, அவற்றுக்கு ஈடாக நாளையும் எண்ணையும் செயலையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு பழுதைக் காட்டி, கண்டது, காணாதது, கருதுவது என மூன்று வரி எழுதச் செய்யுங்கள். பள்ளித் தண்ணீர்க் குழாயும் வாசற்படியும் இதற்குப் போதுமான பொருளே. பத்துக் குற்றங்களைப் பாடம் ஒப்பித்த மாணவர், அவற்றைத் தம் மடலிலேயே தேடிக் களையும் நாளில்தான் நன்னூல் உயிர்பெறும்.

வாரியத்தாருக்கும் ஒரு சொல். தமிழில் தெளிவாய் எழுதிய அறிக்கையை அரசாங்க அலுவலகத்துக்கு மலாயில் பெயர்ப்பது எளிது. தமிழிலேயே மழுப்பியதை எம்மொழியிலும் தெளிவாக்க இயலாது. மழுப்பலே மொழி மாறிப் போகும். நம் பள்ளிக்கும் கோவிலுக்கும் வரவேண்டிய உதவி காலங்கடத்தப்படும்போது, பிறரை நோவதற்குமுன் நாம் அனுப்பிய மடலை எடுத்து ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று. அதில் யார், எதை, எப்போது என்னும் மூன்றும் இருந்தால், கேட்கும் உரிமை நம்மிடம் முழுதாய் இருக்கிறது. இல்லையேல், முதலில் திருத்த வேண்டியது அம்மடலே.